டிக்கெட் கெடச்சிட்டா போதுமா? நார்த் மெட்ராஸ்ல இருந்து ஓப்பன் கிரவுண்டு கச்சேரிக்குப் போனவங்க சொல்லுங்க

தேரடிக்காரன்:
சீசன் ஆரம்பிச்சா போதும், எல்லா வாட்ஸாப் க்ரூப்லயும் "எக்ஸ்ட்ரா டிக்கெட் இருக்கா ப்ரோ"ன்னு கேக்க ஆரம்பிச்சிடறாங்க, ஆனா ஷோ முடிஞ்சு எப்டி வீட்டுக்கு வருவேன்னு ஒருத்தனும் கேக்க மாட்றான். பெரிய ஷோ பெரும்பாலும் ஈசிஆர் (கிழக்கு கடற்கரைச் சாலை) பக்கம்தான், பனையூர், திருவிடந்தை, இப்ப கூவத்தூர் வரைக்கும் போயிட்டாங்க. அனிருத் கச்சேரி 2025 ஜூலை 26ன்னு திருவிடந்தைல வச்சாங்க, டிக்கெட் டிமாண்டுக்கு அந்த எடம் தாங்காதுன்னு தள்ளி வச்சு ஆகஸ்ட் 23க்கு கூவத்தூர் சொர்ணபூமின்னு மாத்துனாங்க. தாம்பரத்துல இருக்கறவனுக்கு அது கொஞ்சம் தூரம், திருவொத்தியூர்ல இருக்கற நமக்கு அது வேற மாவட்டத்துக்குப் போய் வர்ற கணக்கு, மெட்ரோ ராத்திரி 11 மணியோட மூடிடும், அப்புறம் ஆட்டோக்காரர் கேக்கற ரேட்டு சில்வர் டிக்கெட் விலையத் தாண்டிடும்.

அதனால நான் இப்பல்லாம் கோல்டா பிளாட்டினமான்னு பாக்கறதுக்கு முன்னாடி எடத்தத்தான் பாக்கறேன். நந்தனம் ஒய்எம்சிஏ கிரவுண்டுன்னா கண்ண மூடிட்டு புக் பண்ணுவேன், திருவொத்தியூர் தேரடி மெட்ரோ ஸ்டேஷன்ல ஏறுனா வண்டி மாறாம நேரா நந்தனம். 2021 பிப்ரவரில விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்ததுக்கு அப்புறம்தான் எங்க தெருவுல பாதி பேரு கச்சேரி பக்கமே போனாங்க. உங்க அனுபவத்தையும் போடுங்க, முக்கியமா மழைல மாட்டுனவங்க.

பெரம்பூர் லோகோ:
டிமாண்டுன்னா என்னான்னு கோல்ட்ப்ளேன்னு ஒரு இங்கிலாந்து பேண்டோட டிக்கெட் ஓப்பன் ஆன அன்னிக்குத்தான் பாத்தேன். 2024 செப்டம்பர் 22, ஞாயித்துக்கெழம மதியம் 12 மணிக்கு மும்பை ஷோவுக்கு ஓப்பன், ஒரு கோடிக்கு மேல ஆளுங்க லாகின் பண்ணாங்கன்னு அப்புறம் நியூஸ்ல வந்துச்சு. எனக்கு வந்த க்யூ நம்பரப் பாத்துட்டு எங்கம்மா "இது போன் நம்பராடா"ன்னு கேட்டாங்க. பிரியாணிய சாப்ட்டுட்டு படுத்துட்டேன்.

ஆனா அத விட மோசம் கடைசி நேரத்துல கை மாத்தி விக்கிற டிக்கெட்டு. என் சித்தப்பா பையன் ஒரு ஷோவுக்கு (எதுன்னு வேணாம்) க்ரூப்ல ஒருத்தன்கிட்ட ஜிபே பண்ணி வாங்குனான், அவன் அனுப்புனது வெறும் ஸ்க்ரீன்ஷாட், அதே க்யூஆர இன்னும் எத்தன பேருக்கு அனுப்புனானோ தெரியல, கேட்ல மொதல்ல ஸ்கேன் பண்ணவன் உள்ள, மத்தவன்லாம் வெளிய. பையன் ரோட்டுல நின்னு பாட்டு கேட்டுட்டு வந்தான். இங்கிலாந்துல கிளாஸ்டன்பரின்னு பெரிய விழா, அங்க முன்னாடியே போட்டோ குடுத்து ரிஜிஸ்டர் பண்ணணும், டிக்கெட்ல உன் மூஞ்சியே இருக்கும், வேற ஒருத்தனுக்கு விக்கவே முடியாது. 2025க்கு அப்டியும் 35 நிமிஷத்துல தீந்துடுச்சு, அது வேற விஷயம். நம்ம ஊர்ல பேர் மாத்தற வசதி ஆப்லயே இருந்தா மட்டும் அதுல மாத்தி வாங்குங்க, ஸ்க்ரீன்ஷாட்டுக்கு ஒத்த ரூவா குடுக்காதீங்க.

கடலோரக்காரி:
தேரடி அண்ணா, மழைன்னு கேட்டீங்கல்ல, எங்க வூட்டு ஆம்பளைங்க கடல் தொழிலுக்குப் போறவங்க, அதனால வானத்த பாக்கறது பழக்கம். ரெண்டு சீசனையும் ஒண்ணா போட்டு கொழப்பிக்காதீங்க. ஜூலை ஆகஸ்ட் செப்டம்பர்ல பகல்லாம் வெயில் கொளுத்தும், மழையே வராதுன்னு தோணும், ஆனா சாயங்காலம் திருவள்ளூர் அரக்கோணம் பக்கம் மேகம் கட்டிக்கினு ராத்திரி நம்ம பக்கம் எறங்கும், மேற்கால மின்ன ஆரம்பிச்சா எங்க ஆயா துணிய எடுக்க சொல்லிடும். ஷோ 7 மணிக்கு சூடு புடிக்கிற நேரமும் அதுவும் ஒண்ணு. 2023ல ரஹ்மான் சார் பனையூர் கச்சேரி ஆகஸ்ட் 12 வச்சு மழையால நின்னு போயி செப்டம்பர் 10க்கு தள்ளிப் போச்சே, அது இந்த சீசன்தான். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் கத வேற, மழை கடல்ல இருந்து வரும், நேரம் காலம் கெடையாது, அப்போ வானிலை மையம் ஆரஞ்சு அலர்ட்டுன்னு சொன்னா 12 சென்டிமீட்டருக்கு மேல கொட்டலாம்னு அர்த்தம், டிக்கெட் போனா போவுதுன்னு வூட்லயே இருங்க, வியாசர்பாடி கணேசபுரம் சப்வே முங்குச்சுன்னா திரும்பி வர்றதுக்கு பாதி ஊர சுத்தணும்.

ரேடார் படம் வானிலை மையம் சைட்ல சும்மாவே பாக்கலாம், ஒரு ரேடார் நம்ம ஹார்பர்லயே இருக்கு. கெளம்பறதுக்கு முன்னாடி பாருங்க, கேட்ல நிக்கும்போது இன்னொரு தரம் பாருங்க. இடிக்கு தாமினின்னு ஒரு ஆப் இருக்கு, சுத்துவட்டாரத்துல மின்னல் இருந்தா சொல்லும்.

எடுத்துட்டுப் போக: குடைய கேட்லயே புடுங்கிடுவாங்க, பின்னாடி நிக்கறவனுக்கு மறைக்கும்ல, ரெயின்கோட்டுதான். நம்ம பாரிஸ் கார்னர்ல ரோட்டோரம் மெலிசான பிளாஸ்டிக் கோட்டு கெடைக்கும், மடிச்சா பாக்கெட்ல அடங்கிடும். போனுக்கு ஜிப் கவர். டிக்கெட்ட முன்னாடியே டவுன்லோட் பண்ணி வச்சுக்கோங்க, கூட்டம் சேந்தா சிக்னல் செத்துடும். செருப்பு பின்பக்கம் பட்டி வச்சது, ஈசிஆர் மணல்ல தண்ணி ஒறிஞ்சிடும் பிரச்சன இல்ல, ஆனா மண்ணு கிரவுண்டா இருந்தா சேறுல ஹவாய் செருப்பு அங்கயே நின்னுடும் கால் மட்டும் வரும். பொண்ணுங்களுக்கு ஒண்ணு சொல்றேன், மழை வந்துட்டா டாய்லெட் பக்கம்தான் மொதல்ல சேறாவும், ஆரம்பத்துலயே போய்ட்டு வந்துடுங்க. இத எந்த போஸ்டர்லயும் போட மாட்டாங்க.

வியாசை சவுண்டு:
அக்கா சொன்னது எல்லாம் கரெக்டு. நான் மேடைக்குப் பின்னாடி நிக்கிறவன், சவுண்டு சர்வீஸ். ஆடி மாசம் ஃபுல்லா அம்மன் கோயில் கச்சேரி, ஆர்கெஸ்ட்ரா, கானா, தெருவுக்குத் தெரு. தூறல் உழுந்தா மொதல் தார்ப்பாய் மிக்சருக்கு, ரெண்டாவது ஆம்புக்கு, பாடறவருக்கு கடைசிலதான், அவரு நனைஞ்சா துடைச்சுக்கலாம்.

ஜனங்க மழையப் பாத்து பயப்புடறாங்க, நாங்க பயப்புடறது காத்துக்கு. அவ்ளோ பெரிய எல்இடி ஸ்க்ரீன் பாய்மரம் மாதிரி காத்த வாங்கிக்கும், மேல தொங்கற ஸ்பீக்கர் எவ்ளோ வெயிட்டுன்னு தூக்கறவனுக்குத்தான் தெரியும். இடி மழை வர்றதுக்கு முன்னாடி சில்லுனு ஒரு காத்து அடிக்கும் பாருங்க, எல்லாரும் கைய தூக்கி ஓன்னு கத்துவாங்க, எங்களுக்கு அப்பதான் வயித்த கலக்கும். 2011 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல இண்டியானா மாநிலத்துல ஒரு திருவிழா மேடை அந்த மாதிரி காத்துலயே சாஞ்சு 7 பேரு செத்தாங்க. அதே வாரம் பெல்ஜியத்துல புக்கல்பாப்னு ஒரு விழாவுல புயல் அடிச்சு 5 பேரு. அதனால பாட்டு நடுவுல நின்னு பசங்க ஸ்பீக்கர எறக்க ஆரம்பிச்சா "பணத்த குடு"ன்னு பாட்டில் வீசாதீங்க ப்ளீஸ், எறக்கறது உங்க தலைக்காகத்தான். மொதல்ல ஸ்க்ரீன், லைட் டவர் பக்கத்துல இருந்து தள்ளிப் போங்க. மரத்தடி வேணாம். ஜெனரேட்டர் பக்கம் கேபிள் போற எடத்துல தண்ணி தேங்கியிருந்தா கால் வெக்காதீங்க.

ராயபுரத்தான்:
தம்பிகளா, இவ்ளோ செலவு பண்ணிட்டு எதுக்கு அவ்ளோ தூரம்? பொங்கல் சமயத்துல சென்னை சங்கமம் 2023ல திரும்ப ஆரம்பிச்சதுல நம்ம ராபின்சன் மைதானத்துலயே மேடை போட்டாங்க, பெரம்பூர் மேம்பாலப் பூங்காவுலயும். பறை, ஒயிலாட்டம், கரகம், கானா, எல்லாம் ஓசி. ஜனவரில மழையும் கொறவு. இங்க ராபின்சன் பூங்காவுலதான் 1949 செப்டம்பர்ல அண்ணா திமுகவ ஆரம்பிச்ச கூட்டம் கொட்டற மழைல நடந்துச்சு, எங்கப்பா நனைஞ்சுகினே கேட்டவரு, வூட்டுக்கு வந்து ஜொரம்னு படுத்தாராம். டிக்கெட்டும் இல்ல, ரீஃபண்டும் இல்ல!

பெரம்பூர் லோகோ:
பெரியவரே செம. ஆனா ரீஃபண்டுன்னு சொன்னதும் ஒரு டவுட்டு, பாதி ஷோவுல மழை வந்து நின்னா காசு திரும்ப வருமா?

தேரடிக்காரன்:
டிக்கெட் புக் பண்ற பேஜ்ல கீழ பொடி எழுத்துல விதிமுறை இருக்கும், அத படிச்சுட்டு பணம் கட்டு. ஷோவ முழுசா கேன்சல் பண்ணா பணம் தர்றதாத்தான் பொதுவா போடுவாங்க, தேதி மாத்துனா பல எடத்துல பழைய டிக்கெட்டே செல்லும்னு சொல்லிடுவாங்க, வர முடியலன்னா ரீஃபண்டுக்கு குட்டியா ஒரு கடைசி தேதி வைப்பாங்க, அதத்தான் எல்லாரும் விட்டுடறாங்க. பாதில நின்னா அனேகமா கெடைக்காது. அந்த பேஜ ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோ, அப்புறம் போய் பாத்தா மாத்தியிருப்பாங்க.