ஆயிரக்கணக்கில் மாடுகளை அடைத்து வளர்ப்பது சரிதானா?

பசும்புல்:
கால்நடை மருத்துவம் படித்தபோது ஒரு பெரிய பால் பண்ணையில் பயிற்சிக்கு இருந்தேன். கன்று பிறந்த சில மணி நேரத்தில் தாயிடமிருந்து பிரித்துவிடுவார்கள். சீம்பாலைக் கறந்து புட்டியில் ஊட்டுவார்கள். ஒரு நாள் காலையில் ஈன்ற பசு ஒன்று அன்று இரவு கம்பியோரம் நின்று விடிய விடியக் கத்தியது. மறுநாள் தொண்டை கட்டிப்போய் வாய் மட்டும் திறந்து மூடியது, சத்தம் வரவில்லை. "ரெண்டு நாளில் சரியாகிவிடும்" என்றார் அங்கே வேலை செய்தவர். சரியாகவும் ஆகிவிட்டது. அதுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

இருபது வருடம்வரை வாழக்கூடிய விலங்கை மூன்று, நான்கு ஈற்றோடு, ஐந்தாறு வயதில் கறிக்கு அனுப்புகிறோம். இதற்கு மேல் மீத்தேன், காடழிப்பு, சாணக்குட்டை. இந்த முறையே வேண்டாம் என்பது என் கருத்து. மறுப்பவர்களும் பேசுங்கள்.

கறவைக்காரன்:
நான் மறுக்கிறேன். என்னிடம் அறுபது கறவை மாடுகள் இருக்கின்றன. பெரிய பண்ணைக்காரன் இல்லை, ஆனால் அவர்கள் தரப்பில் நியாயம் இருக்கிறது.

அமெரிக்காவில் 1944-ஆம் வருடப் பால் உற்பத்தியை 2007-உடன் ஒப்பிட்டு ஓர் ஆய்வு வந்தது. அதே அளவு பாலுக்கு 2007-இல் தேவைப்பட்டவை பழைய மாடுகளில் 21 சதவீதம், பழைய நிலத்தில் 10 சதவீதம். கரியமில வாயுக் கணக்கும் 37 சதவீதமாகக் குறைந்துவிட்டது. இனத்தேர்வு, அளந்து போடும் தீவனம், கொட்டகை எல்லாம் சேர்ந்து வந்த பலன் இது. எல்லா மாட்டையும் அவிழ்த்து மேய விட்டால் அதே பாலுக்கு எத்தனை காடு வேண்டும்?

கன்றைப் பற்றி: சீக்கிரம் பிரித்தால் தாயின் சாணம் வழியாக வரும் நோய்கள் கன்றுக்கு ஒட்டுவது குறையும். பல வாரம் கூட வைத்திருந்து பிரித்தால் இரண்டும் இன்னும் அதிகமாகத் தவிக்கும். நீங்கள் கேட்ட கதறல் எனக்கும் தெரியும்.

மழைத்துளி:
ஒரு கிலோ மாட்டுக்கறிக்கு 15,000 லிட்டர் தண்ணீர் செலவாகிறதே, அதைப் பற்றி ஏன் பேசவில்லை?

எண்கணக்கு:
மழைத்துளி, அந்த எண் சரிதான், ஆனால் அதில் 90 சதவீதத்துக்கு மேல் புல்லிலும் பயிரிலும் விழுந்த மழைநீர். ஆற்றிலிருந்து எடுத்தது என்று நினைத்து வாதாடினால் அடுத்த பதிலிலேயே தோற்றுப்போவோம். அதை விட்டுவிடுவோம்.

வாயுக் கணக்குதான் கனமானது. ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 2013-இல் சொன்னது: மனிதர்களால் வெளியாகும் பசுமைக்குடில் வாயுக்களில் 14.5 சதவீதம் கால்நடை வளர்ப்பால். 2023-இல் மறுபடி கணக்கிட்டபோது சுமார் 12 சதவீதம் என்றது. எப்படிப் பார்த்தாலும் அதில் பாதிக்கு மேல் மாட்டின் பங்கு. மாடு தின்றது முதல் இரைப்பையில் நொதிக்கும்போது அங்கிருக்கும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன, அது பெரும்பாலும் ஏப்பமாக வெளியேறுகிறது. இருபது வருடக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. ஆனால் பன்னிரண்டு வருடம் போலத்தான் காற்றில் நிற்கும். அதனால், இன்றைக்குக் குறைத்தால் பலனை நம் வாழ்நாளிலேயே பார்க்கலாம். எனக்கு நம்பிக்கை தருவது அதுதான்.

கறவைக்காரன்:
மாடு தின்பதில் பெரும்பகுதி மனிதன் தின்ன முடியாதது என்பதையும் எழுதுங்கள். உலகக் கால்நடைத் தீவனத்தில் 86 சதவீதம் புல், வைக்கோல், தவிடு, பிண்ணாக்கு வகை என்று 2017 ஆய்வு ஒன்று சொல்கிறது. உழவே முடியாத மேட்டுநிலத்துப் புல்லைப் பாலாக மாற்ற வேறு எந்த இயந்திரம் இருக்கிறது?

எண்கணக்கு:
அந்த 86 சதவீதம் உலகம் முழுவதற்குமான கணக்கு, மேய்ச்சல் மாடும் அதற்குள் இருக்கிறது. நாம் பேசுவது அடைப்புப் பண்ணையைப் பற்றி. அங்கே கறி மாட்டுக்குக் கடைசி மாதங்களில் போடுவது மக்காச்சோளம். புல்லுக்காக அமைந்த இரைப்பையில் மாவுச்சத்தைக் கொட்டினால் அமிலம் ஏறுகிறது, ஈரலில் சீழ்க்கட்டி வருகிறது. அதைத் தடுக்கத் தீவனத்திலேயே மருந்து கலக்கிறார்கள்.

இன்னொரு பெரிய ஆய்வு 2018-இல் வந்தது, 119 நாடுகளில் சுமார் 38,000 பண்ணைகள். கறி, பால், முட்டை, வளர்ப்பு மீன் எல்லாம் சேர்ந்து விவசாய நிலத்தில் 83 சதவீதத்தை எடுத்துக்கொண்டு உலகுக்குத் தருவது 18 சதவீதம் கலோரி, 37 சதவீதம் புரதம்.

பசும்புல்:
அப்படியென்றால் மேய்ச்சலுக்கே திரும்பிவிடலாமே?

எண்கணக்கு:
இங்கே கறவைக்காரன் பக்கம் நிற்க வேண்டியிருக்கிறது. புல்லில் வளரும் கறி மாடு மெதுவாக எடை போடுகிறது, அதிக நாள் வாழ்கிறது, கிலோவுக்கு அதிக மீத்தேன் விடுகிறது. மேய்ச்சல் நிலத்து மண் கரிமத்தைச் சேர்த்து வைத்து அதை ஈடுகட்டும் என்பார்கள், ஆனால் அப்படிச் சேர்வதும் ஒரு கட்டத்தில் நின்றுவிடும். அமேசானில் அழிந்த காட்டில் பெரும்பகுதி மேய்ச்சல் நிலமாகத்தான் மாறியது, கொட்டகையாக இல்லை. மாட்டின் நிம்மதி ஒரு பக்கம் இழுக்கிறது, கிலோ கணக்கு இன்னொரு பக்கம். இரண்டும் ஒத்துப்போகும் இடம் ஒன்றுதான்: மாடுகளின் எண்ணிக்கை குறைய வேண்டும், அளவுக்கு மேல் தின்பவர்கள் குறைக்க வேண்டும்.

கறவைக்காரன்:
யார் குறைப்பது என்பதில்தான் சண்டை. முட்டையும் பாலும் எப்போதாவது கிடைக்கிற குழந்தையிடம் போய் உலக சராசரியைக் காட்டக் கூடாது. எண்ணிக்கையைத் தொடாமலே செய்ய நிறைய இருக்கிறது. மீத்தேனைச் சுமார் 30 சதவீதம் குறைக்கும் தீவனச் சேர்க்கைக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் அனுமதி கொடுத்தது. சிவப்பு நிறக் கடற்பாசியைத் தீவனத்தில் கலந்து பார்த்த சோதனைகளில் 80 சதவீதம்வரை குறைந்திருக்கிறது. சாணத்தை மூடிய கலனில் விட்டால் எரிவாயு.

மழைத்துளி:
சாணம் அவ்வளவு லேசான விஷயம் இல்லை. காற்றுப் படாமல் குட்டையில் தேங்கினால் அதுவே மீத்தேன். நிலம் தாங்குவதற்கு மேல் கொட்டினால் நிலத்தடி நீரில் நைட்ரேட், காற்றில் அம்மோனியா. நெதர்லாந்தில் 2019-இல் பண்ணை போன்றவை நைட்ரஜனை வெளியிட அனுமதி கொடுத்துவந்த முறையையே நீதிமன்றம் ரத்து செய்ய வேண்டிய நிலை வந்தது. இத்தனை மாடுகளை ஒரே இடத்தில் குவித்ததற்கு அதில் பெரிய பங்கு உண்டு.

பசும்புல்:
குவிப்பது என்றீர்கள். 2023 ஏப்ரலில் டெக்சாஸில் ஒரு பால் பண்ணை தீப்பிடித்தது. ஒரே மாலையில் சுமார் 18,000 மாடுகள் செத்துப்போயின. ஓடுவதற்கு இடம் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. எரிவாயுக் கலனும் கடற்பாசியும் இதைத் தொடாது.

கறவைக்காரன், ஒன்று கேட்கிறேன். கொம்பு வளராமலிருக்கக் கன்றின் கொம்புக் குருத்தைச் சுடும்போது மரத்துப்போக ஊசி போடுகிறீர்களா? நான் இருந்த பண்ணையில் போடவில்லை. முடி கருகும் வாடை, பிடித்திருப்பவரின் தொடைக்கு நடுவே கன்று உதறுவது, பின்னங்கால் மடங்கி உட்கார்ந்துவிடுவது. சில மில்லி மருந்து, சில நிமிடக் காத்திருப்பு, அவ்வளவுதான் மிச்சப்படுத்தினார்கள்.

கறவைக்காரன்:
போடுகிறேன். போட்டுப் பத்து நிமிடம் நிற்பேன். அதைக்கூடச் செய்யாதவர்களுக்காக நான் பேச மாட்டேன். ஆயிரம் மாடு இருந்தால் அந்தப் பத்து நிமிடம்தான் முதலில் வெட்டுப்படும் என்பதும் எனக்குத் தெரியும்.

எண்ணிக்கை குறைய வேண்டும் என்பதை இப்போதும் ஏற்கவில்லை. ஆனால் கன்று விஷயம் இரண்டு நாளாக மண்டைக்குள் ஓடுகிறது. பகலில் தாயோடு விட்டு, இரவில் மட்டும் பிரித்து, காலையில் கறக்கும் முறை சில பண்ணைகளில் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அடுத்த மாதம் நான்கு மாடுகள் ஈனப்போகின்றன. யாராவது செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள்: மடிநோய் கூடுமா, பால் எவ்வளவு குறையும், எத்தனையாவது வாரத்தில் பிரித்தீர்கள்?