நெகட்டிவ் வந்த கர்ப்பிணிக்கு எதற்கு எச்.ஐ.வி. மாத்திரை?

வளர்மதி:
நான் பி.ஹெச்.சி.யில் ஸ்டாஃப் நர்ஸ். முதல் செக்கப்பிலேயே எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்துவிடுவோம், நெகட்டிவ் என்றால் அந்தப் பேச்சு அதோடு சரி. தென்னாப்பிரிக்காவிலும் கென்யாவிலும் நெகட்டிவ் வந்தவர்களிடமே "தினம் ஒரு மாத்திரை போட்டால் தொற்று வராது, வேண்டுமா" என்று செக்கப் அறையிலேயே கேட்கிறார்களாம். பிரெப் என்று பெயர். வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு நோயே இல்லாதபோது மருந்து எதற்கு? காண்டம் போதாதா?

இளங்கோ:
காண்டம் அவள் கையிலா இருக்கிறது? ஏற்கெனவே மாசமாக இருப்பவள் புருஷனிடம் காண்டம் போடச் சொன்னால், "இப்போ எதுக்கு, என்னைச் சந்தேகப்படுறியா"ன்னுதான் முதல் கேள்வி வரும். மாத்திரை என்றால் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அப்புறம், கணவன் மனைவியில் ஒருவருக்கு மட்டும் தொற்று இருந்த ஆப்பிரிக்கத் தம்பதிகளைப் பின்தொடர்ந்து 2018-ல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. ஒவ்வொரு உடலுறவிலும் பெண்ணுக்குத் தொற்றும் வாய்ப்பு, சாதாரண நாட்களைவிடக் கர்ப்பத்தின் பிற்பகுதியில் ஏறக்குறைய 3 மடங்கு, பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் 4 மடங்கு. புதிதாகத் தொற்றும்போது ரத்தத்தில் வைரஸ் எக்கச்சக்கமாக இருக்கும், பிள்ளைக்குப் போவதும் அப்போதுதான் அதிகம். அவள் கையிலோ நெகட்டிவ் ரிப்போர்ட், அதனால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் அரசு மருத்துவமனைக்கு வரும் கர்ப்பிணிகளில் 4-ல் ஒருவருக்கு மேல் பாசிட்டிவ் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கதிர்வேல்:
எல்லாம் சரி, பிள்ளைக்கு ஏதாவது ஆனால்? மாசமாக இருக்கும்போது தலைவலி மாத்திரைக்கே ஆயிரம் முறை யோசிக்கிறோம். இது கிட்னியைப் பாதிக்கும் என்றும் சொல்கிறார்கள்.

மெஹருன்னிசா:
நான் நம்பிக்கை மையத்தில், அதாவது அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையத்தில், ஆலோசகர். கதிர்வேல் கேட்டது நியாயம்தான், ஆனால் இது புது மருந்து இல்லை. பிரெப்பில் இருப்பது டெனோஃபோவிரும் எம்ட்ரிசிடபினும். டெனோஃபோவிர் சேர்ந்த கூட்டு மருந்தைப் பாசிட்டிவ் கர்ப்பிணிகள் நம் ஊரிலேயே பல வருஷமாகச் சாப்பிட்டுத்தான் பிள்ளை பெறுகிறார்கள், மஞ்சள் காமாலை பி (ஹெபடைடிஸ் பி) உள்ள தாய்மார்களுக்கும் அதே டெனோஃபோவிர்தான் தருகிறோம். பிறவிக் குறையோ குறைப்பிரசவமோ இதனால் கூடியதாக ஆய்வுகளில் தெரியவில்லை. ஆரம்பிக்கும் முன் எச்.ஐ.வி. நெகட்டிவ்தானா என்று உறுதி செய்ய வேண்டும், கிட்னியும் மஞ்சள் காமாலை பி-யும் பார்த்துவிட வேண்டும். பி இருக்கிறவர் இஷ்டத்துக்கு நிறுத்தினால் கல்லீரல் வம்பு. கர்ப்பத்தில் மருந்தின் அளவு ரத்தத்தில் வழக்கத்தைவிடக் குறைந்துவிடும், அதனால் இன்று போட்டு நாளை விட்டு என்றால் பிரயோஜனமில்லை.

பெரிய தலைவலியே அதுதான். கேப் டவுனில் நடந்த ஆய்வில் முதல் செக்கப்பிலேயே 10-ல் 8 பேருக்கு மேல் சரி என்று ஆரம்பித்தார்கள், ஆனால் போகப்போக, முக்கியமாகப் பிரசவத்துக்குப் பிறகு, நிறையப் பேர் விட்டுவிட்டார்கள். மசக்கையில் மாத்திரையைப் பார்த்தாலே குமட்டும். அதைவிட மோசம் டப்பா. பார்க்கிறவர்களுக்கு இது பாசிட்டிவ் ஆள் சாப்பிடும் மாத்திரை. பையில் கலகலவென்று சத்தம் வருகிறது என்று டப்பாவுக்குள் பஞ்சு அடைத்து எடுத்துப்போகிற பெண்கள் எங்களிடமே உண்டு, அவர்கள் கூட்டு மருந்து சாப்பிடுகிறவர்கள்.

எல்லோரிடமும் கேட்பதா, ஆபத்து உள்ளவர்களிடம் மட்டுமா என்பதைக் கென்யாவில் ஹோமா பே, சியாயா பக்கம் 20 கிளினிக்குகளில் இரண்டு விதமாகவும் செய்து பார்த்தார்கள், பெரிய வித்தியாசம் வரவில்லை. தொற்று அவ்வளவு பரவியிருக்கும் இடத்தில் எல்லோரிடமும் கேட்பதே மேல் என்பேன், ஆள் பார்த்துக் கேட்டால் கேட்கப்பட்டவள் மேல் முத்திரை விழும். தமிழ்நாட்டு நிலைமை வேறு, இங்கே தொற்று குறைவு, எல்லோருக்கும் நீட்டுவதில் அர்த்தமில்லை. ஆனால் புருஷன் இப்போதுதான் கூட்டு மருந்து ஆரம்பித்திருக்கிறார், வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸின் அளவு, இன்னும் இறங்கவில்லை என்றால் அவளிடம் கட்டாயம் பேச வேண்டும். வைரல் லோடு கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி அப்படியே இருந்தால் அவரிடமிருந்து உறவில் தொற்றாது, அப்போது மாத்திரை அவள் விருப்பம்.

இளங்கோ:
டப்பா பிரச்சினைக்கு ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி வந்துவிட்டதே, லெனகாபவிர். தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 2,134 இளம் பெண்களுக்குப் போட்டு ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை, 2024-ல் முடிவு வந்தது. நடுவில் கர்ப்பமானவர்களையும் விலக்காமல் தொடரவிட்டார்கள். 2025 ஜூலையில் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்துவிட்டது.

வளர்மதி:
ஊசி இங்கே வரும்போது வரட்டும். இப்போதைக்கு நான் என்ன செய்வது? செக்கப்புக்கு மாமியார் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

மெஹருன்னிசா:
ரத்த அழுத்தம் பார்க்கும்போது மாமியாரை ஓ.பி. சீட்டு பதியவோ மருந்து வாங்கவோ அனுப்பிவிடுங்கள், ஐந்து நிமிஷம் போதும். வீட்டுக்காரர் டெஸ்ட் எடுத்திருக்கிறாரா என்று மட்டும் கேளுங்கள். பாசிட்டிவ் என்றாலோ, தெரியாது என்று தயங்கினாலோ எங்களிடம் அனுப்புங்கள். பாசிட்டிவ் துணை உள்ளவளுக்கு முதல் டெஸ்டோடு விடாமல் கடைசி மூன்று மாதத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் மறுபடி எடுக்க வேண்டும், அதைத் தாய் அட்டையில் எழுதாமல் உங்கள் ரிஜிஸ்தரில் குறித்துக்கொள்ளுங்கள், அட்டையை வீட்டில் எல்லோரும் பார்ப்பார்கள்.