தஞ்சை–நாகை ரோடு: பனி மாசத்துல 50-க்கு மேல போகக் கூடாதுன்னு போடலாமா?

வெண்ணாற்றங்கரை:
நேத்து விடியக்காலம் அஞ்சரைக்கு நீடாமங்கலத்துல இருந்து தஞ்சாவூர் வந்தேன். கோவில்வெண்ணி பக்கம் ஒரே பனி. எதிர்ல வர்றது பஸ்ஸுன்னு கிட்ட வந்த பிறகுதான் தெரியுது. அதுலயும் ஒரு கார் என்னை முந்திக்கிட்டு 90-ல போகுது. மார்கழி, தை ரெண்டு மாசமும் ராத்திரி 11-ல இருந்து காலை 8 வரைக்கும் 50-ன்னு தற்காலிகமா வைக்கணும். புயல் மழை நாள்லயும்தான். டெல்லி பக்கத்து யமுனா எக்ஸ்பிரஸ்வேயில டிசம்பர் 15-ல இருந்து பிப்ரவரி 15 வரைக்கும் பனிக்காக வேகத்தைக் குறைக்கிறாங்களே.

மீன்வண்டி:
அது வேலி போட்ட ரோடு தம்பி. நம்ம ரோடு வீட்டு வாசல்ல போவுது. 15 வருஷமா நாகப்பட்டினத்துல மீன் ஏத்துறேன். பனி இருந்தா போர்டு இல்லாமலே 40-லதான் போறேன். நீங்க 50 போட்டா கேஸு எண்ணிக்கைதான் கூடும். நான் 50-ல போறப்ப பின்னாடி ஒருத்தன் 80-ல வந்து இடிச்சா?

வெண்ணாற்றங்கரை:
அந்தக் கடைசி வரிதான் அண்ணே என் கட்சியே. எல்லாருக்கும் ஒரே வேகம் இருந்தா அவன் ஏன் 80-ல வர்றான்? கால் பிரேக்குக்குப் போற ஒரு நொடியில 90-ல போற வண்டி 25 மீட்டர் ஓடிடும், 50-ல 14 மீட்டர். பிரேக் பிடிக்கிற தூரம் தனி. ஈர ரோட்டுல அது இன்னும் நீளும்.

மன்னை மாப்ள:
இதுக்கெல்லாம் கெஜட் வரணும். அது வர்றதுக்குள்ள பங்குனி வந்துடும்.

வெண்ணாற்றங்கரை:
வேண்டாம் மாப்ள. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 112 பாரு. ஒரு மாசத்துக்கு மேல போகாத கட்டுப்பாடுன்னா அரசிதழ் அறிவிப்பு தேவையில்ல. மார்கழிக்கு ஒண்ணு, தைக்கு ஒண்ணுன்னு தனித்தனியாக் கேக்கலாம்.

மீன்வண்டி:
பனியை விடுங்க. ரோட்டுல நெல்லைக் கொட்டி, சுத்திக் கல்லு வெச்சு, மேல கறுப்பு படுதா போட்டுடுறாங்க. ராத்திரில எந்த லைட்டுலயும் தெரியாது. முதல்ல அதை எடுக்கச் சொல்லுங்க.

களத்துமேடு:
எங்க எடுத்துட்டுப் போறது? ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல போனா கொள்முதல் நிலையத்துல மூட்டையைத் திருப்பிடுறாங்க. 20, 22-ன்னு தளர்வு கேப்பாங்க, சில வருஷம் வரவும் செய்யும். ஆனா மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துட்டுப் போய் உத்தரவு வர்றதுக்குள்ள குவியல்ல முளை விட்டுடும். எங்க ஊர்ல களம் ஒண்ணே ஒண்ணு, அதுலயும் பாதிக்கு மேல வெடிப்பு. தார் ரோடுதான் சூடு பிடிக்கும்.

கல்லு வைக்கிறது தப்புதான், மறைக்கல. போன வருஷம் நான் வெச்ச கல்லுல ஒரு பையன் பைக்கோட விழுந்து காலை முறிச்சுக்கிட்டான். ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். இப்ப சாக்குல வைக்கோல் திணிச்சுதான் வைக்கிறேன்.

இன்னொண்ணு யாருமே சொல்லல. நெல் அறுக்கிற பெல்ட் மிஷின் வயல்ல இருந்து ஏறுற இடத்துல களிமண்ணை அள்ளிக் கொட்டிட்டுப் போகும். அது மேல பனி இறங்கினா எண்ணெய் ஊத்தின மாதிரி. அங்க 50-கூட அதிகம், 30 வைக்கணும்.

மன்னை மாப்ள:
பஸ்ஸுக்கு என்ன வழி? நீடாமங்கலம் ரயில்வே கேட்ல 20 நிமிஷம் போச்சுன்னா அம்மாப்பேட்டை வரைக்கும் பறந்தாதான் டைமிங் பிடிக்கலாம். 50-ன்னா பனி மாசத்துக்குத் தனி டைம் ஷீட் குடுக்கச் சொல்லுங்க. டிரைவரை மட்டும் பிடிக்காதீங்க.

மீன்வண்டி:
களத்துமேடு சொல்றதுல நியாயம் இருக்கு. அப்படின்னா ரோடு பூரா வேண்டாம். நெல்லும் சேறும் உள்ள இடத்துக்கு 200 மீட்டர் முன்னாடி, ராத்திரில மின்னுற போர்டு வைங்க. அறுப்பு முடிஞ்ச அன்னைக்கே எடுத்துடணும். எங்க பக்கம் ஒரு பாலத்துல ‘வேலை நடைபெறுகிறது’ன்னு தட்டி நிக்குது, வேலை முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு. அதைப் பாத்துப் பாத்துதான் எவனும் எந்த போர்டையும் மதிக்கிறதில்ல.

வெண்ணாற்றங்கரை:
சரி, எடுக்கிற தேதியையும் போர்டுலயே எழுதச் சொல்லி மனு போடுறேன். ஆனா பனி நேரத்துக்கு ரோடு பூராவும் வேணும், அதுல நான் இறங்க மாட்டேன். திங்கக்கிழமை குறைதீர் நாள். ரோடு மூணு மாவட்டத்துல போவுது, மூணு மனு. அண்ணே, நாகைக்கு நீங்க குடுக்குறீங்களா?

மீன்வண்டி:
திங்கக்கிழமை லோடு இருக்கு. எழுதி அனுப்பு, பையன்கிட்ட குடுத்து விடுறேன். பஸ் டைமையும் சேர்த்து எழுது. 50-க்கு நான் ஒத்துக்கல, 60-ன்னு போடு.