குவான்சோவில் இருப்பது சோழர் கோயிலா? தெரிந்தவர்கள் மட்டும் வாருங்கள்

உப்புக்காற்று:
குடும்ப வாட்சப் குழுவில் மூன்றாவது முறையாக அதே செய்தி வந்துவிட்டது. "சீனாவில் சோழர் கட்டிய பிரம்மாண்ட சிவன் கோயில், தமிழனாக இருந்தால் பகிரவும்." கூடவே ஒரு கோபுரப் படம். அது சீனத் துறைமுக நகரான குவான்சோவின் காய்யுவான் கோயிலில் உள்ள இரட்டைக் கோபுரங்களில் ஒன்று. கோயில் பௌத்தக் கோயில், 686-இல் தொடங்கியது. போன வருடம் அந்த ஊரின் பழைய பகுதியை ஒரு நாள் முழுக்கக் கால் தேய நடந்து பார்த்தவன் என்ற வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன்.

காலை ஏழு மணிக்கு மேற்குத் தெருவில் இறங்கினேன். நூல் சேமியாவைக் குழைய விட்டுக் கஞ்சியாகத் தரும் மியான்சியான்ஹூ ஒரு கிண்ணம் குடித்துவிட்டுக் கோயிலுக்குள் போனேன். பெரிய மண்டபத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனால் பதினாறு பட்டைத் தூண் இரண்டு நிற்கின்றன. ஒரு வட்டத்தில் நரசிம்மர் இரணியனைக் கிழிக்கிறார், இன்னொன்றில் கண்ணன் மரங்களைச் சாய்க்கிறான். உடம்பு சிலிர்த்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் அவை இடிந்துபோன வேறொரு கோயிலின் தூண்கள், மிங் அரச மரபின் காலத்தில் இங்கே கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள். அந்த ஊரில் கிடைத்த, ஆண்டு பொறித்த தமிழ்க் கல்வெட்டு 1281-ஐச் சேர்ந்தது. மூன்றாம் இராசேந்திரனோடு சோழர் கதை 1279-இல் முடிந்தது. அப்புறம் கட்டியது யார், ஆவியா?

மெய்க்கீர்த்தி:
வந்துவிட்டார் ஐயா, ஒரு நாள் சுற்றுலா போய் வரலாற்றாசிரியர் ஆனவர். கல்வெட்டை முழுசாகப் படித்தீர்களா? எழுந்தருளச் செய்தார் என்ற பொருளில்தான் இருக்கிறது, கட்டினார் என்று இல்லை. சிலையை எழுந்தருளச் செய்த ஆண்டு 1281. கோயில் அதற்கு முன்பே இருந்திருக்கலாமே? சோழர்கள் 1015, 1033, 1077 என்று மூன்று முறை சீனத்துக்குத் தூது அனுப்பியவர்கள். சும்மாவா போனார்கள்?

உப்புக்காற்று:
"இருந்திருக்கலாமே" என்று நீங்கள் சொன்னால் அது வரலாறு, நான் ஆண்டைச் சொன்னால் சுற்றுலாவா? தூது போனவர்கள் கோயில் கட்டிவிட்டு வந்தார்கள் என்று எந்தக் கல்வெட்டு சொல்கிறது? 1279, 1281. கழித்தல் கணக்கு தெரியும்தானே.

மதுரைவீதி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். 1281-இல் மதுரையில் ஆண்டவர் மாறவர்மன் குலசேகர பாண்டியன், 1268-இல் பட்டம் ஏறியவர். அப்படியென்றால் அது பாண்டியர் கோயில். இதை மட்டும் யாரும் பகிர மாட்டீர்கள். எங்களுக்கு என்றைக்குமே ஓரவஞ்சனைதான்.

உப்புக்காற்று:
உங்களுக்கும் இல்லை அண்ணே. அந்தக் கல்லில் சோழன் பெயரும் இல்லை, பாண்டியன் பெயரும் இல்லை. சக ஆண்டு 1203 (அதுதான் 1281), சித்திரை மாதம், செகசைகான் என்ற கானின் நலனுக்காக, அவருடைய பர்மான்படி, அதாவது ஆணைப்படி, தவச்சக்கரவர்த்திகள் என்ற சம்பந்தப் பெருமாள் எழுந்தருளுவித்தார். ஆட்சி மங்கோலியருடையது, அனுமதியும் அவர்களுடையது. செய்தவர் அங்கே குடியிருந்த ஒரு தமிழர். ராஜா எங்கே வந்தார்?

சாம்பார்வடை:
நானும் போயிருக்கிறேன். நாலு நாள் இருந்தேன், துணி மொத்தச் சந்தையைத் தவிர ஒன்றும் கண்ணில் படவில்லை. கோயிலும் இல்லை கோபுரமும் இல்லை, புளுகாதீர்கள்.

நிலாமுற்றம்:
நீங்கள் போனது குவாங்சோ. இவர்கள் பேசுவது குவான்சோ. ஒரு எழுத்து மாறினால் மாகாணமே மாறும், இது ஃபூஜியான்.

சாம்பார்வடை:
பெயரை ஒழுங்காக வைக்காதது என் தப்பா? சரி, அங்கே சைவம் கிடைக்குமா?

மெய்க்கீர்த்தி:
உப்பாரே, தூணில் இருப்பது சோழர் பாணி. பாணி என்பது 1279-இல் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடாது. நீங்கள் மறைக்கும் இன்னொரு விஷயம், மேற்குக் கோபுரத்தின் நான்காவது அடுக்கில் வாளோடு குரங்கு முகச் சிற்பம் இருக்கிறதே, அது யார்? அனுமார்!

உப்புக்காற்று:
அது சீனக் கதைகளில் வரும் குரங்கு வீரன் சுன் ஊகோங். அந்தக் கோபுரம் கல்லில் எழும்பியது 1237 வாக்கில். நீங்கள் வால் முளைத்த எதைப் பார்த்தாலும் சஞ்சீவி மலையைத் தேடுவீர்கள். பேச்சை மாற்றாதீர்கள், 1279.

மெய்க்கீர்த்தி:
சுன் ஊகோங்குக்கே மூலம் அனுமார்தான் என்று சொல்லும் அறிஞர்கள் இருக்கிறார்கள். நியூசிலாந்தில் கிடைத்த தமிழ் எழுத்து மணி பற்றிய இழையிலும் இப்படித்தான் ஆண்டு ஆண்டு என்று குதித்துவிட்டுக் கடைசியில் ஓடினீர்கள். நான் மறக்கவில்லை.

உப்புக்காற்று:
நான் ஓடவில்லை, அந்த வாரம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. அதையும் இழுக்கிறீர்களா? நன்றாக இருக்கிறது.

நிலாமுற்றம்:
நான் பக்கத்து ஊரான சியாமெனில் ஆறு வருடமாக இருக்கிறேன். அண்ணா, இரண்டு தூணோடு நிறுத்திவிட்டீர்களே, அதே மண்டபத்தின் முன்மேடையில் சிங்க உருவப் பலகைகள் எழுபதுக்கும் மேல் வரிசையாக இருக்கின்றன, பார்க்கவில்லையா? சீடியன் கிராமத்தில் ஒரு சின்னக் கோயிலில் நான்கு கை அம்மன் சிலையைப் பௌத்தர்களின் கருணைத் தெய்வம் குவான்யின் என்று சொல்லி இன்றும் ஊதுவத்தி ஏற்றுகிறார்கள். அவர்களிடம் போய்ச் சோழரா பாண்டியரா என்று கேட்டால் சிரிப்பார்கள். மத்தியானம் எங்கே போனீர்கள்?

உப்புக்காற்று:
பார்த்தேன், எழுத விட்டுப்போச்சு. மத்தியானம் தூமென் தெரு. 1009-இல் எழுந்த சிங்ஜிங் பள்ளிவாசல், தொழுகைக் கூடத்துக்குக் கூரை இல்லை, கல் சுவர் மட்டும் வெயிலில் காய்கிறது. அடுத்த வாசலில் சீனர்கள் சாமியாகக் கும்பிடும் போர்வீரர் குவான் யூவின் கோயில், அங்கே ஒரே புகை. நம் ஊரில் பூக்கட்டிப் பார்ப்பது போல, பிறை வடிவ மரத்துண்டு இரண்டைத் தரையில் போட்டுச் சாமியிடம் கேட்கிறார்கள். ஒன்று கவிழ்ந்து ஒன்று மல்லாந்தால் சம்மதம். சாயங்காலம் சுன்பூ என்ற மீனவ ஊருக்குப் போனேன். சிப்பி ஓட்டுச் சுவர் வீடுகள் அழகு. பெண்கள் கொண்டையைச் சுற்றிப் பூ வளையம் வைப்பதுதான் வெறும் வாடகை வேஷம், படம் எடுக்க வந்த கூட்டம்.

நிலாமுற்றம்:
வேஷமா? வாடகைக் கடைகள் பெருகியது சமீபத்தில்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அங்கே சிப்பி உடைக்கும் பாட்டிகள் யாருக்குப் படம் காட்டப் பூ வைக்கிறார்கள்? 2008-லேயே தேசிய மரபுப் பட்டியலில் ஏறிய வழக்கம் அது. சோழருக்கு ஆதாரம் கேட்கிறவர் பூவுக்கும் கொஞ்சம் தேடிப் பார்த்திருக்கலாம்.

உப்புக்காற்று:
பாட்டிகளை நான் சொல்லவில்லை, வேறு ஊரிலிருந்து வந்து பூ வைத்துக்கொள்கிறவர்களைச் சொன்னேன்.

நிலாமுற்றம்:
மேலே எழுதியிருப்பதை நீங்களே ஒருமுறை படியுங்கள். "பெண்கள்" என்றுதான் இருக்கிறது.

மதுரைவீதி:
பூவை விடுங்கள். குப்லாய் கான் காலத்தில் சீனத் தூதர் மாபாருக்கு வந்தார். மாபார் என்றால் பாண்டிய நாடு. அப்படியானால் யார் கோயில்?

மெய்க்கீர்த்தி:
பாண்டியர் கடைசி பஸ்ஸில் ஏறியவர்கள். பாதை போட்டது சோழர்.

மதுரைவீதி:
கொற்கை முத்து எந்த பஸ்ஸில் போனது தம்பி?

சாம்பார்வடை:
அந்த மரத்துண்டைப் போட்டுக் கேட்டுவிடலாமே. கவிழ்ந்தால் சோழர், மல்லாந்தால் பாண்டியர். சைவச் சாப்பாடு பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை.

நிலாமுற்றம்:
சி குவோ தாங் என்று பழமும் பயறும் போட்ட குளிர்ந்த இனிப்பு கிடைக்கும், அதைச் சாப்பிடுங்கள். உறைந்த ஜெல்லி மாதிரி கண்ணாடியாக ஒன்று வைப்பார்கள், உள்ளே கடல் புழு இருக்கும். அதைத் தொடாதீர்கள்.

உப்புக்காற்று:
திரும்ப விஷயத்துக்கு வாருங்கள். 2021-இல் யுனெஸ்கோ அந்த ஊரில் 22 இடங்களைப் பட்டியலில் சேர்த்தது. அதில் பௌத்தம், இசுலாம், பாரசீகத்தில் தோன்றிய மானி சமயம் எல்லாம் உண்டு. சோழர் கோயில் என்று ஒன்று உண்டா? 1279.

மெய்க்கீர்த்தி:
யுனெஸ்கோ சொன்னால்தான் எனக்குத் தாத்தா இருந்தாரா? 1279 என்பது நமக்குக் கிடைத்த கடைசிக் கல்வெட்டின் கணக்கு. அடுத்த நாளே சோழநாட்டுக் கல்தச்சர் எல்லோரும் உளியைக் கீழே வைத்துவிட்டார்களா?

உப்புக்காற்று:
அந்தத் தூண் உள்ளூர்க் கல். செதுக்கியது சீனத் தச்சராகவே இருக்கலாம்.

மெய்க்கீர்த்தி:
ஓ, இப்போது நீங்கள் சொன்னால் "இருக்கலாம்" செல்லுமா? நாளைக்கு ஆதாரத்தோடு வருகிறேன்.

உப்புக்காற்று:
மணி இழையிலும் நாளைக்கு என்றுதான் சொன்னீர்கள். வரும்போது 1279-ஐயும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

சாம்பார்வடை:
அந்தக் கஞ்சியில் என்ன போடுவார்கள், பன்றிக் குடலா?