மோர்மன் தடத்து வண்டிகள்: ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு சுமை, வழியில் எது முதலில் கெடும்?

தடம்தேடி:

அமெரிக்காவின் இல்லினாய் மாநில நாவூவிலிருந்து இன்றைய யூட்டாவில் உள்ள சால்ட் லேக் பள்ளத்தாக்கு வரை மோர்மன்கள் என்ற சமயக் குழுவினர் போன பயணத்தைப் பற்றித் தமிழில் ஒரு விளக்கக் கட்டுரை எழுதப்படுகிறது. 1844இல் அவர்களின் நிறுவனர் ஜோசப் ஸ்மித் கொல்லப்பட்டது, 1846 பிப்ரவரியில் மிசிசிப்பி ஆற்றைக் கடக்கத் தொடங்கியது, 1847 ஜூலை 24இல் அடுத்த தலைவர் பிரிகம் யங் பள்ளத்தாக்கில் நுழைந்தது போன்ற விவரங்கள் எளிதாகக் கிடைக்கின்றன. வண்டியைப் பற்றித்தான் எல்லாரும் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிறார்கள்.

ஐந்து பேர் உள்ள குடும்பம் எவ்வளவு எடையை ஏற்றியது? வழியில் எந்தப் பாகம் முதலில் கெட்டது, ஏன்? பட்டறையே இல்லாத இடத்தில் எப்படிச் சரிசெய்தார்கள்? கட்டுரைக்கு ஒரு கோட்டுப்படமும் வரையப்போகிறார்கள், அதனால் பாக விவரங்களும் வேண்டும்.

ஆரக்கால்:

சுமையிலிருந்து தொடங்கலாம். 1845இல் நாவூவிலேயே ஐவர் குடும்பத்துக்கான பட்டியலை வெளியிட்டார்கள். நல்ல உறுதியான வண்டி ஒன்று, 4 முதல் 10 வயதுக்குள் உள்ள எருதுகள் மூன்று ஜோடி, கறவைப் பசு இரண்டு அல்லது கூடுதல், மாவு 1,000 பவுண்டு, சர்க்கரை 100 பவுண்டு, உப்பு 25 பவுண்டு, ஒரு புஷல் அவரை விதை. 12 வயது தாண்டிய ஆண் ஒவ்வொருவருக்கும் ஒரு துப்பாக்கி. ஆறு கடக்க ஒவ்வொரு குழுவுக்கும் கப்பியும் கயிறும் இரண்டு செட். இவற்றோடு விதை, உழவுக்கருவி, தச்சுக்கருவி. ஆள் ஏறாமலே வண்டிச்சுமை ஏறக்குறைய ஒரு டன் வரும். அதனால்தான் நடக்க முடிந்தவர்கள் எல்லாரும் நடந்தார்கள்.

மாவுக் கணக்கைக் கவனியுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு என்றால் 1,000 பவுண்டு 200 நாளைக்கு வரும். வழியில் தீர்ந்தது போக மீதி, போய்ச் சேர்ந்த இடத்தில் முதல் அறுவடை வரை தாங்க வேண்டும். கூட்டிப்போனது ஒரு விவசாயக் குடியிருப்பு முழுவதையும் என்பதால்தான் விதையும் கலப்பை இரும்பும் சுமையில் அவ்வளவு இடம் பிடித்தன.

முதலில் கெட்டது சக்கரம். பாறையில் மோதி உடைந்ததைவிட, காற்றில் உலர்ந்து கழன்றதே அதிகம். மிசோரி ஆற்றங்கரையின் ஈரக்காற்றில் இறுக்கமாக நின்ற மரம், பிளாட் ஆற்றின் மேல்பகுதிக்கு வரும்போது வற்றிச் சுருங்கும். சக்கரத்தின் வெளிவளையமான வட்டைத் துண்டுகளின் பொருத்துகள் வாய்பிளக்கும், ஆரக்கால் நடுவில் உள்ள சக்கரக் குடத்துக்குள் ஆடும். மரம் சுருங்கினாலும் வட்டையைச் சுற்றிய இரும்புப் பட்டா சுருங்காது, அதனால் பட்டா தளர்ந்து ஓடும்போதே கழன்று விழும்.

இதற்கு அவசர வைத்தியம், இரவில் சக்கரத்தை ஆற்றில் ஊறப்போடுவது. காலையில் இறுகியிருக்கும், வெயில் ஏறினால் மறுபடி பழைய கதைதான். அடுத்த வழி, பட்டாவுக்கும் வட்டைக்கும் நடுவே மர ஆப்பு அடிப்பது. இது சில நாள் தாங்கும், ஆனால் பட்டா ஒரு பக்கம் இழுத்து வட்டமே கோணலாகிவிடும். ஒழுங்கான வேலை என்றால் பட்டாவைக் கழற்றி, வட்டையைச் சுற்றி மெல்லிய மரப்பட்டியை அடித்து, பட்டாவைத் தீயில் காய்ச்சி விரியவைத்து மாட்டி, உடனே தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்க வேண்டும். குளிரும்போது இரும்பு சுருங்கி எல்லாப் பொருத்தையும் ஒன்றாக இறுக்கும். தண்ணீர் ஊற்றத் தாமதித்தால் மரம் கருகி, கருகிய கனத்துக்கு மறுபடி தளர்ச்சி வரும்.

அச்சும் ஏர்க்காலும் முறிந்தால் நிலைமை இன்னும் மோசம். அந்தச் சமவெளியில் ஆற்றோரம் கிடைப்பது பெரும்பாலும் காட்டன்வுட். அது மென்மையான மரம், அச்சுக்கு ஆகாது. விவரம் தெரிந்தவர்கள் ஹிக்கரி அல்லது ஓக் கட்டையை வண்டி அடியில் கட்டிக்கொண்டு போனார்கள்.

பிளாட்கரை:

ஆரக்கால் சொன்னது எல்லாம் சரிதான், ஆனால் வரிசையில் எனக்கு உடன்பாடில்லை. சக்கரத்தை ஆற்றில் போட்டு இறுக்கலாம், எருது விழுந்தால் என்ன செய்வது? இந்தப் பயணத்தின் வேகத்தைத் தீர்மானித்தது புல். 1846இல் அயோவாவைக் கடக்க, ஏறத்தாழ 300 மைலுக்கு, மார்ச் தொடக்கத்திலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை பிடித்தது. 1847இல் முன்னோடிக் குழு, ஏப்ரல் நடுப்பகுதியில் புறப்பட்டு, அதற்கு மும்மடங்குக்கு மேற்பட்ட தூரத்தைக் கிட்டத்தட்ட அதே காலத்தில் முடித்தது. முதல் ஆண்டு புல் முளைக்கும் முன்பே கிளம்பினார்கள், விடாமல் மழை, சக்கரக் குடம் வரை சேறு. மாட்டுக்குத் தீனி வேண்டி வழியில் பண்ணைகளில் கூலிவேலை செய்து சோளம் வாங்கினார்கள். எருதின் பெருமையே தானியம் இல்லாமல் புல்லைத் தின்று இழுப்பதுதான். புல் இல்லையென்றால் அந்த அனுகூலம் போயிற்று.

மாட்டுக்கு அடுத்த ஆபத்து, லூப் ஆற்றின் புதைமணல். நடுவில் நின்றால் சக்கரம் இறங்கிவிடும். சுமையைக் குறைத்து, கூடுதல் ஜோடிகளைப் பூட்டி, நிற்காமல் ஓட்ட வேண்டும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கடந்தால் மணல் இறுகிப் பாதை கெட்டியாகும். அதனால் முதல் சில வண்டிகளுக்குத்தான் பெரும்பாடு.

காரநீர் இதைவிடக் கொடியது. வடபிளாட்டின் கடைசித் துறையிலிருந்து இண்டிபெண்டன்ஸ் ராக் என்ற பெரும்பாறை வரை சுமார் 50 மைல் தூரத்தில் பல ஊற்றுகளும் குட்டைகளும் நஞ்சு. தாகத்தோடு வரும் மாடு நுகத்தோடு அதில் பாய்ந்து குடித்து வயிறு உப்பிச் சாகும். பன்றிக் கொழுப்பையோ வினிகரையோ தொண்டையில் திணிப்பது அன்றைய வைத்தியம். நல்ல தண்ணீர் எந்த மைலில் என்று முன்கூட்டியே தெரிந்துவைத்து அங்கே போய் நிற்பதே மெய்யான காப்பு. அதே வட்டாரக் குட்டைகளின் கரையில் படிந்த வெள்ளை உப்பை ரொட்டி உப்புவதற்காக வாரிக்கொண்டும் போனார்கள்.

குளம்பு தேய்ந்த எருதுக்கு லாடம் அடிப்பது குதிரைக்கு அடிப்பதுபோல் சுலபமில்லை. குளம்பு பிளந்தது, ஆகவே காலுக்கு இரண்டு தகடு. மூன்று காலில் நிற்க எருதுக்கு வராது, கட்டிக் கீழே சாய்த்துத்தான் வேலை.

தடம்தேடி:

இரண்டு பேருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். நல்ல தண்ணீர் எந்த மைலில் என்பது யாருக்கு, எப்படித் தெரியும்? அடுத்து, 1856இல் கைவண்டி இழுத்தவர்கள் தாங்களே இழுத்தார்களே, அப்படியானால் புல் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாதல்லவா?

மைல்கல்:

முதல் சந்தேகத்துக்கு: அளந்தார்கள். வில்லியம் கிளேட்டன் என்ற எழுத்தர் 1847 மே 8ஆம் தேதி ஒரு வண்டியின் பின்சக்கரத்தில் சிவப்புத் துணி கட்டி, அது எத்தனை முறை சுற்றுகிறது என்று நாள் முழுக்க நடந்துகொண்டே எண்ணினார். 4,070 சுற்று. சக்கரத்தின் சுற்றளவு 14 அடி 8 அங்குலம், 360 சுற்றுக்கு மிகச் சரியாக ஒரு மைல். அன்றைய தூரம் 11¼ மைலும் 20 சுற்றும். பிறர் கண்மதிப்பில் சொன்னது அதைவிடக் கூடுதல்.

பிறகு அதே குழுவில் வந்த ஆர்சன் பிராட் அமைப்பைச் சொல்ல, தச்சர் ஆப்பிள்டன் ஹார்மன் மரத்தில் கருவி செய்தார். சக்கரக் குடத்தில் ஒரு முளை. அது ஒவ்வொரு சுற்றிலும் ஆறு கை கொண்ட தண்டின் ஒரு கையைத் தள்ளும், ஆறு சுற்றுக்குத் தண்டு ஒருமுறை திரும்பும். தண்டின் மேல்முனையில் செதுக்கிய திருகு 60 பல் சக்கரத்தைச் சுழற்றும். 6 பெருக்கல் 60, அதாவது 360, ஆக ஒரு மைலுக்கு ஒரு முழுச்சுற்று. அதன் அச்சில் வெட்டிய நான்கு பல், 40 பல் கொண்ட இன்னொரு சக்கரத்தை நகர்த்தி, கால் மைல் கணக்கில் 10 மைல் வரை காட்டும். அந்தக் கருவி உலகிலேயே முதல் தூரமானி என்று சில இடங்களில் எழுதுகிறார்கள். அது தவறு, அந்த வகைக் கருவி பண்டைக் காலத்திலேயே உண்டு. கட்டுரையில் அதைச் சேர்க்காதீர்கள்.

1848இல் செயிண்ட் லூயிஸில் அச்சான கிளேட்டனின் கையேடு, மிசோரி ஆற்றங்கரைக் குளிர்கால முகாமான விண்டர் குவார்ட்டர்ஸிலிருந்து 1,031 மைல் வரைக்கும் ஓடை, ஊற்று, புல், விறகு, மோசமான இறக்கம் எல்லாவற்றையும் மைல் வாரியாகக் கொடுத்தது. பின்னால் வந்த குழுக்கள் அன்றைய தங்குமிடத்தைக் காலையிலேயே முடிவுசெய்ய முடிந்தது இதனால்தான்.

பிளாட்கரை:

கைவண்டிக்கும் புல் கணக்கு பொருந்தும். மாவையும் கூடாரத்தையும் சுமக்க நூறு பேருக்கு ஒரு வண்டி என்ற அளவில் எருதுவண்டி கூடவே போனது. ஐந்து பேருக்கு ஒரு கைவண்டி, பெரியவருக்கு 17 பவுண்டு சாமான் அனுமதி, ஆகமொத்தம் 85 பவுண்டு. 1856இன் முதல் மூன்று குழுக்கள் செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் பத்திரமாகச் சேர்ந்துவிட்டன. கைவண்டி என்ற ஏற்பாடே பைத்தியக்காரத்தனம் என்று சொல்வோர் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

அந்த ஆண்டின் கடைசி இரண்டு குழுக்களான வில்லி, மார்ட்டின் குழுக்கள் கைவண்டிப் பயணம் தொடங்கும் அயோவா சிட்டிக்கே பிந்தி வந்தன, தயாராக வண்டியும் இல்லை. பதப்படாத மரத்தில் அவசரமாகச் செய்தார்கள். ஆரக்கால் சொன்ன அதே சுருக்கம் இங்கே இருமடங்கு. மரஅச்சு மணலில் அரைபட்டுத் தேய்ந்தது, பன்றிக் கொழுப்பையும் சோப்பையும் தடவினார்கள், தேய்ந்த இடத்தில் தோலையும் தகரத்தையும் சுற்றினார்கள். வழியில் மிசோரி ஆற்றங்கரை ஊரான ஃபுளோரன்ஸில் வில்லி குழுவின் கைவண்டிகளில் ஒரு 98 பவுண்டு மாவு மூட்டையும் ஏறியது, ஒரே நாளில் சுமை இரட்டித்தது. பிறகு நெப்ராஸ்காவில் அவர்களுடைய மாடுகளில் 30 அளவில் மிரண்டு ஓடித் தொலைந்தன, எருதுவண்டியின் மாவும் கைவண்டிகளுக்கு வந்தது. மார்ட்டின் குழு பாரம் தாங்காமல் அக்டோபர் 17இல் போர்வை, துணிகளை எரித்தும் போட்டும் குறைத்துக்கொண்டது, 19இல் பனிப்புயல். இரண்டு குழுக்களிலும் சேர்த்து 200 பேருக்கு மேல் இறந்தார்கள். மீட்பு வண்டிகள் சால்ட் லேக்கிலிருந்து அக்டோபர் 7இலேயே கிளம்பியிராவிட்டால் எண்ணிக்கை எங்கே போயிருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது. ஜூன் மாதம் புறப்பட்டிருந்தால் அதே பச்சைமரக் கைவண்டிகளோடும் அவர்களில் பெரும்பாலோர் ஊர் சேர்ந்திருப்பார்கள்.

ஆரக்கால்:

தேதிதான் உயிரைத் தீர்மானித்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். படத்துக்கு மட்டும் சில குறிப்பு. வண்டிப்பெட்டி சுமார் 10 அடி நீளம், 4 அடிக்குள் அகலம் போதும், பெரிய சரக்குவண்டியின் வளைந்த படகு வடிவம் வேண்டாம். முன்சக்கரம் சிறியது, திரும்ப வசதிக்காக. மாவு மூட்டைகள் அடியில், அச்சுகளுக்கு நடுவே. மேலே வளையங்களில் எண்ணெய் பூசிய பருத்தித் துணி. பின் அச்சில் வண்டிமை வாளி தொங்க வேண்டும். தாரும் மாட்டுக்கொழுப்பும் கலந்தது அது. பிரிட்ஜர் கோட்டையைத் தாண்டியதும் நிலத்திலிருந்து எண்ணெய் ஊறும் ஊற்றைக் கண்டு, வாளிகளை அதில் நிரப்பிக்கொண்டார்கள்.

ஓட்டுபவரை வண்டிமேல் உட்காரவைக்காதீர்கள், அவர் எருதுகளின் இடப்பக்கம் நடப்பார். இரவு முகாம் வரைவதானால் ஏர்க்கால்கள் வட்டத்துக்கு வெளியே, ஒரு வண்டியின் முன்சக்கரம் அடுத்ததன் பின்சக்கரத்தோடு கோத்து, மாடுகள் உள்ளே.