பீடியை விடச் சொல்ல மூன்று நிமிடமே கிடைக்கும்போது என்ன செய்யலாம்?

கேள்வி (செவிலியர், ஊரக ஆரம்ப சுகாதார நிலையம்)

வணக்கம். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்க மாதந்தோறும் எங்கள் நிலையத்துக்கு வரும் ஆண்களில் பலர் பீடி புகைப்பவர்கள். விட்டுவிடும்படி ஒவ்வொரு முறையும் சொல்கிறோம். அவர்களும் "சரிங்கம்மா" என்று தலையாட்டிவிட்டுப் போய், அடுத்த மாதம் சட்டைப்பையில் அதே பீடிக்கட்டு தெரிய வந்து நிற்கிறார்கள். தனி ஆலோசகர் இல்லை. நீண்ட வரிசையை வைத்துக்கொண்டு ஒருவருக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் ஒதுக்கவும் முடிவதில்லை. இதற்குள் பயன்தரும்படி எதைச் செய்யலாம்?

பதில் (மருத்துவ அலுவலர்)

மூன்று நிமிடம் போதும். புகையிலை பயன்படுத்தும் ஒவ்வொருவருக்கும், எந்த நோய்க்காக வந்திருந்தாலும், 30 விநாடி முதல் 3 நிமிடம் வரை சுருக்கமான ஆலோசனை வழங்க வேண்டும் என்றே உலக சுகாதார நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் கூறுகிறது. அந்த நேரத்தைப் புற்றுநோய் அச்சுறுத்தலில் செலவிடாமல், "காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் பீடி பற்றவைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அரை மணி நேரத்துக்குள் என்றால், புகையிலையில் உள்ள அடிமைப்படுத்தும் பொருளான நிகோடின் அவரை இறுகப் பிடித்திருக்கிறது. மன உறுதியை மட்டும் நம்பி அவரை அனுப்புவது நியாயமன்று. பீடி இல்லாமலே நிகோடினைச் சிறிதளவு கொடுத்து ஆசையைத் தணிக்கும் நிகோடின் சூயிங்கத்தில் அவருக்கு 4 மில்லிகிராம் பொருந்தும். மற்றவர்களுக்கு 2 மில்லிகிராம். பிறகு, இரண்டு வாரத்துக்குள் நிறுத்தும் நாள் ஒன்றை அவர் வாயாலேயே சொல்ல வைத்து, ஓ.பி. சீட்டில் எழுதிவிடுங்கள். இன்னும் தயாராக இல்லை என்பவரைக் கடிந்துகொள்ளாமல், அடுத்த வருகையிலும் அதே கேள்வியைக் கேளுங்கள்.

பதில் (மருந்தாளுநர்)

மருத்துவர் கூறியதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். சூயிங்கம் தனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் அதை மிட்டாய்போல விடாமல் மென்று, ஊறும் எச்சிலை விழுங்கி, விக்கலும் குமட்டலும் வந்து விட்டுவிட்டவர்கள். மெதுவாக மென்று, நாக்கில் மிளகுக் காரம் தெரிந்தவுடன் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கி வைத்து, காரம் அடங்கிய பின் மறுபடி மெல்ல வேண்டும். இப்படி அரை மணி நேரம். மெல்வதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே டீ, காபி கூடாது. குடித்தால் வாய்வழியாக நிகோடின் சரியாக உறிஞ்சப்படாது. டீக்கடையில்தான் பீடி ஆசை மிகுதியாக எழும் என்பதால் இதை அவசியம் சொல்லுங்கள்.

பதில் (புகையிலை நிறுத்த ஆலோசகர்)

மேலே கூறிய இரண்டும் சரியே. ஆனால் நிறுத்தியவரை அடுத்த மாதம்தான் பார்ப்போம் என்றால் பெரும்பாலும் பயனில்லை. எரிச்சல், தூக்கமின்மை, பசி எல்லாம் முதல் வாரத்தில்தான் உச்சத்தில் இருக்கும்; மீண்டும் பற்றவைப்பவர்களில் பலரும் அந்த நாட்களிலேயே பற்றவைக்கிறார்கள். நிறுத்திய மூன்றாம் நாள் ஒரு தொலைபேசி அழைப்பு தேவை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டு செல்லும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலரிடம் நிறுத்தியவர்களின் பெயர்களைக் கொடுத்துவைத்தால், அவர் நோயாளியின் மனைவியிடமும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவார். 1800112356 என்ற தேசியக் கட்டணமில்லா எண்ணில் தமிழிலும் ஆலோசனை கிடைக்கிறது. எண்ணைத் தாளில் எழுதிக் கொடுப்பதைவிட, நோயாளியின் கைபேசியிலிருந்தே அங்கேயே ஒருமுறை அழைத்துக் கொடுத்துவிடுங்கள்.