பிரெஞ்சில் 'நராத்தர் நோன் ஃபியாப்ல்', தமிழில்? (வியாழன் மாலைக்குள்)

ரோஸ் ஹில், ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை எங்கள் வாசகர் வட்டத்தில் நம் மொரிஷியஸ் தீவு இளைஞர் ஒருவரின் முதல் நாவலைப் பற்றிப் பேசுகிறோம். நாவல் பிரெஞ்சில். வாசகர் கருத்துகளைத் தமிழில் தொகுத்துத் தருவதாக நான் வாய்விட்டுவிட்டேன். கதையைச் சொல்பவன் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்னும் உத்திக்குத்தான் பெயர் கிடைக்கவில்லை.

முதல் அத்தியாயத்தில், அப்பாவின் இடக்கை கரும்பாலை உருளையில் போய்விட்டது என்கிறான். ஏழாம் அத்தியாயத்தில் அதே அப்பா தைப்பூசத்தன்று இரண்டு கைகளாலும் காவடியைப் பிடித்தபடி கோர் தெ கார்த் மலைக்கோவில் படியேறுகிறார். வந்த பதினொரு கருத்துகளில் நான்கு, 'எழுதியவருக்கு மறதி', 'மெய்ப்புப் பார்த்தவர் தூங்கிவிட்டார்' என்ற ரகம். ஒரு பாட்டி புத்தக ஓரத்தில் பென்சிலால் 'எந்தக் கை?' என்று எழுதிக் கோடு போட்டிருக்கிறார். உத்திக்கு ஒரு பெயர் இருந்திருந்தால் பாவம் அந்தப் பையனை இவ்வளவு திட்டியிருக்க மாட்டார்கள். 'நம்பகமற்ற கதைசொல்லி' என்று போடலாமா?

டர்பன், ஓய்வுபெற்றவர்:

போடலாம் அம்மா, ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. 'நம்பகம்' நேற்றைய சொல். 'நம்பும் மேவும் நசையா கும்மே' என்கிறது தொல்காப்பிய உரியியல். நசை என்றால் விருப்பம். அந்தக் கணக்கில் நம்பகமற்ற கதைசொல்லி யாரும் விரும்பாத கதைசொல்லி ஆகிவிடுவான். பெண் கிடைக்காத மாப்பிள்ளை மாதிரி. வள்ளுவர் 'தெரிந்துதெளிதல்' அதிகாரத்தில் எதை ஆள்கிறார்? 'தேறற்க யாரையும் தேராது தேர்ந்தபின் தேறுக தேறும் பொருள்.' ஆராய்வதற்கு இடையின 'தேர்', நம்புவதற்கு வல்லின 'தேறு'. ஆகவே 'தேறாக் கதைசொல்லி' என்க. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ஒற்று மிகும், அச்சகத்தாரிடம் சொல்லிவிடுங்கள். 'கதைசொல்லி'யே மண்வெட்டி, தேங்காய்த்துருவி வரிசையில் ஏதோ கருவி போல ஒலிக்கிறது. அதைத் தனியாக எழுதுகிறேன்.

கத்ர் போர்ன், பள்ளி ஆசிரியர்:

ஐயா, இன்று வகுப்பில் பலகையில் எழுதிப் பார்த்தேன். 'எந்தத் தேர்வில் தேறவில்லை?' என்று கேட்டார்கள். வீட்டில் கிரியோல் பேசும் பிள்ளைகள். 'தேறு' அவர்களுக்கு மதிப்பெண் பட்டியலில் மட்டும் வரும் சொல். கதையைச் சொன்னதும் 'மாந்தெர்' என்று முடித்துவிட்டார்கள். பொய்யன். 'பொய்யுரைஞர்' போதாதா?

மோக்கா:

போதாது தம்பி. அவன் பொய் சொல்கிறானா, அந்தக் கை போன நாளை நினைக்கத் துணிவில்லாமல் கையைத் திரும்ப ஒட்டிவைத்துக்கொண்டானா என்பதுதான் நாவலே. சிறுபிள்ளை கதை சொன்னாலும், நினைவு தப்பியவர் சொன்னாலும் இதே உத்திதான். அவர்களைப் பொய்யர் என்போமா? 1961இல் இந்தத் தொடரைக் கொண்டுவந்த அமெரிக்கத் திறனாய்வாளர் வேய்ன் பூத், படைப்பு எதை மதிக்கிறதோ அதிலிருந்து சொல்பவர் விலகுகிறாரா என்றுதான் பார்த்தார். விலகினால் நம் இலக்கணத்தில் வழு, அதாவது பிழை. காரணம் பற்றி ஏற்றுக்கொண்டால் வழுவமைதி. பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்பவனிடம் நாம் திணை தெரியாதவன் என்று சண்டைக்குப் போகிறோமா? உவப்பில் சொன்னான் என்று விட்டுவிடுகிறோம். பாட்டியின் பென்சிலுக்கு விடை அங்கே இருக்கிறது. அகப்பாட்டில் தலைவி கூற்று, தோழி கூற்று என்று பிரித்தவர்கள் நாம். 'வழுக்கூற்று' என்று வைத்தால் என்ன?

ரீயூனியன்:

'கூற்று' வேண்டாம் அக்கா. கோவிலில் 'கூற்றாயினவாறு விலக்ககிலீர்' பாடும் பிள்ளைகளுக்குக் கூற்று என்றால் எமன். வழுக்கி விழுந்த எமன் என்று சிரிப்பார்கள். எங்கள் தீவில் 'பால் தமுல்' எனப்படும் தமிழ்க் கூத்து மரபை நினைத்துக்கொண்டு கேட்கிறேன்: கூத்தில் கோமாளியாக வரும் கட்டியக்காரன் ராஜாவைப் புகழ்வது போலவே கவிழ்ப்பான், யாரும் அதைப் பிழை என்பதில்லை. அந்தப் பெயரையே வைத்துக்கொண்டால்?

மோக்கா:

கட்டியக்காரனுக்குத் தான் கவிழ்ப்பது தெரியும். இந்தப் பையனுக்குத் தெரியாது.

போர்ட் லூயிஸ்:

சொல்லை அவசரத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். 1998இல் ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கியபோது தெருவில் இறங்கினோம். நோட்டையே திரும்பப் பெற்றார்கள்.

கத்ர் போர்ன், பள்ளி ஆசிரியர்:

நோட்டில் இருப்பது யாருக்கும் புரிய வேண்டியதில்லை ஐயா, இருந்தால் போதும். இது புரிய வேண்டும்.

(இதன்பிறகு நோட்டைப் பற்றியே பதினான்கு மடல்கள் வந்தன. அவற்றை இங்கே தொகுக்கவில்லை.)

ரோஸ் ஹில், ஆசிரியை:

வியாழன், மூன்று மணி. அச்சகத்திலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். 'நம்பகமற்ற கதைசொல்லி'க்கு ஐந்து பேர், அதில் மூவர் 'வேறு வழியில்லாமல்' என்று சேர்த்திருக்கிறீர்கள். 'தேறா'வுக்கு இருவர், 'வழு'வுக்கு ஒருவர். நம்பகமற்றவனே போகிறான். ஆனால் பாட்டியின் கேள்விக்குப் பக்கத்தில் அந்தப் பசுவைக் கட்டிவைத்துவிட்டேன். அதை வாசித்துக் காட்டியபோது பாட்டி, 'அப்படியானால் கை இல்லைதானே?' என்றார். சிறிது நேரம் கழித்து, 'பிள்ளை எழுதும்போது அப்பா உயிரோடு இருந்தாரா?' என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

டர்பன், ஓய்வுபெற்றவர்:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், ஒப்பவில்லை. அச்சானதும் ஒரு படி எனக்கு அனுப்புங்கள். தலைப்பில் 'தேறா' என்று கையால் திருத்தி வைத்துக்கொள்கிறேன். 'கதைசொல்லி' பற்றிய மடல் நாளை வரும்.